லாஸ்கோ

லாஸ்கோ என்பது சோகோ விண்கலத்தில் உள்ள, சூரியனின் புற வளிமண்டலமான கொரோனாவைப் படமெடுக்கும் கருவி ஆகும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் இணைந்து உருவாக்கிய சோகோ, 1995 டிசம்பர் 2 ஆம் நாள் ஏவப்பட்டு, புவியிலிருந்து சூரியனை நோக்கி ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியருகே நிலைநிறுத்தப்பட்டது.

கருவியிலுள்ள வட்டத்தகடு சூரியனை மறைத்துச் செயற்கைக் கிரகணத்தை உண்டாக்குவதால், மங்கலான கொரோனாவும் அதிலிருந்து வெடித்தெழும் பிளாசுமா முகில்களும் புலப்படுகின்றன. முகில் சூரியனைச் சுற்றி முழு வளையமாக விரிந்தால், அது புவியை நோக்கியோ அதற்கு நேர் எதிர்த்திசையிலோ செல்கிறது எனக் கொள்ளலாம். எத்திசை என்பதைச் சூரிய முகப்பைக் காட்டும் புற ஊதாப் படங்களைக் கொண்டு அறிவர். அடுத்தடுத்த படங்களிலிருந்து வேகத்தைக் கணித்து, பொதுவாக 1 முதல் 3 நாட்களுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்க இயலும்.

2003 அக்டோபர் 28 அன்று எழுந்த முகில் ஏறத்தாழ 19 மணி நேரத்திலேயே புவியை அடைந்தது. அப்போது உயர் ஆற்றல் புரோத்தன்கள் தாக்கியதால் லாஸ்கோ படங்கள் பனி பொழிந்தாற்போல் வெண்புள்ளிகளால் நிறைந்தன. மறுநாள் எழுந்த மற்றொரு முகிலால் அக்டோபர் 30 இல் சுவீடனின் மால்மோ நகரில் மின்தடை ஏற்பட்டது.

எனினும் முகிலின் காந்தப்புலத் திசையை இப்படங்கள் காட்டுவதில்லை. அது தெற்கு நோக்கி இருந்தாலே கடும் காந்தப்புயல் உண்டாகும். முகில் எல்1 புள்ளியை அடைந்த பின்னரே அங்குள்ள காந்தமானிகள் அதை அளக்கின்றன; அப்போது எஞ்சியிருப்பது 15 முதல் 60 நிமிடங்களே.