சங்கப் பாடல்களில் பழத்தேறல்: சுனையும் சாடியும்

சங்ககால மது வகைகளைப் பற்றிப் பேசும்போது கள், நறவு, மட்டு, தோப்பி, பிழி, தேறல் எனப் பெயர்களை அடுக்கி, அனைத்தையும் ஒரே பொருளின் பல பெயர்களாகக் கொண்டு கடந்துவிடுவது வழக்கமாக உள்ளது. எப்பொருளிலிருந்து, எக்கலத்தில், எவ்வளவு காலத்தில் அது விளைந்தது என்று வினவினால், அப்பெயர்களுக்குப் பின்னே வெவ்வேறு செய்முறைகள் இருப்பது புலப்படும். அவற்றுள் மிகுதியும் கவனிக்கப்படாத பழத்தேறலை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

பழத்தேறல் பற்றிய தெளிவான இரு குறிப்புகளும் கபிலர் பாடல்களிலேயே கிடைக்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் (187-194), மிளகு உதிர்ந்து கிடக்கும் பாறைச் சுனையில் மாங்கனிகள் விழுகின்றன. தேனடையிலிருந்து சிதறிய தேன் சேர்கிறது. பலாப்பழம் நெகிழ்ந்து ஒழுகுகிறது. இவை கலந்து விளைந்த தேறலை நீரென்று கருதிக் குடித்த மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் மகளைப்போலத் தளர்கிறது. அகநானூற்றின் இரண்டாம் பாடலில் வாழைக்கனியும் பலாச்சுளையும் சுனையில் விழுந்து தேறலாகின்றன. அறியாமல் அதனை உண்ட கடுவன், அருகிலுள்ள சந்தன மரத்தில் ஏறமாட்டாமல் மலர்ப்படுக்கையில் உறங்கிவிடுகிறது.

இவ்விரு காட்சிகளும் வருணனையாகவும் உள்ளுறையாகவுமே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளன. அவ்விளக்கம் பிழையன்று, ஆனால் போதாது. இன்று ஒருவர் வீட்டில் எளிய பழமது செய்ய முற்பட்டால் அவருக்கு வேண்டுவன நன்கு கனிந்த பழம், நீர், சிறிது சர்க்கரை, நொதி, ஒரு கலம், சில நாள் பொறுமை ஆகியனவே. கபிலரின் சுனையில் இவற்றுள் எதுவும் குறையவில்லை. பழத்தோலில் இயல்பாகவே ஈச்ட்டு என்னும் நொதி படிந்திருக்கும். சர்க்கரையின் இடத்தைத் தேன் நிரப்புகிறது. தேனைப் பற்றிய செய்தி கருதத்தக்கது. கெட்டியான தேன் எளிதில் நொதிக்காது. நீர் கலந்து நெகிழ்ந்த பின்னரே நொதிக்கும். குறிஞ்சிப்பாட்டில் தேன் சேருமிடம் நீருள்ள சுனை. இதனைப் புலவரின் கற்பனை என்று மட்டும் கூறி ஒதுக்க இயலாது.

மேலும், உள்ளுறை கேட்போரின் அறிவை நம்பி நிற்பது. சுனையில் கிடந்த பழம் ஏன் மயக்கம் தரும் என்பதைக் கபிலர் விளக்கவில்லை. பழம் தானே தேறலாகும் என்பது கேட்போருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் கடுவனின் நிலையும் அதன்வழித் தலைவனின் நிலையும் விளங்கும். ஆகவே விளக்கமின்மையே அவ்வறிவின் பொதுமைக்குச் சான்றாகிறது. எனினும் இவ்விரு பாடல்களிலும் தேறலை ஆக்குவோர் எவருமில்லை, குடிப்போரும் மனிதரல்லர். இவற்றைக் கொண்டு குறிஞ்சி மக்கள் பழமது வடித்தனர் என்று முடிவுகட்டுவது சான்றைக் கடந்து செல்வதாகும்.

மனிதர் வீட்டில் ஆக்கிய மதுவைக் காணக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படைக்குச் செல்லவேண்டும். வீட்டில் சமைத்த தோப்பியை அந்நூல் ஓரிடத்தில் சுட்டுகிறது. வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியிலோ (275-282) ஏறத்தாழ முழுச் செய்முறையையும் தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவைத்து, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிகின்றனர். ஆறவைத்தல் இங்குத் தற்செயலன்று. சூட்டில் அடையைக் கலந்தால் அதன் ஆற்றல் கெடும். புற்றினுள் உள்ள குரும்பியை அவ்வடைக்கு உவமையாக்கியது, துளைகள் நிறைந்த அதன் புறத்தோற்றத்தை நேரில் கண்டவர் கூற்றாகவே படுகிறது.

பழத்திற்கு இத்தனை வேலை தேவையில்லை. அரிசியின் மாச்சத்து முதலில் சர்க்கரையாக மாறவேண்டும், அதற்கே அடை. பழத்தில் சர்க்கரை ஆயத்தமாக உள்ளது. எளியதற்குச் செய்முறை கூறப்படாமையும், அரியதற்குக் கூறப்பட்டமையும் இவ்வேறுபாட்டோடு பொருந்துகின்றன. இரண்டிற்கும் பொதுவாக நிற்பது 'விளைந்த' என்னும் சொல். சுனையிலும் சாடியிலும் மது செய்யப்படவில்லை, விளைகிறது. பயிருக்குரிய வினை நொதித்தலுக்கும் ஆளப்பட்டுள்ளது.

இச்சொல்லை ஓர் அளவுகோலாகவும் கொள்ளலாம். புறநானூறு 24-இல் பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, தெங்கின் இளநீர் ஆகிய மூன்றும் கலந்து பருகப்படுகின்றன. அதனை மது எனக் கொள்வாரும் உளர். ஆனால் அங்கே கலத்தல் உண்டு, விளைதல் இல்லை. அதே பாடலில் பரதவர் உண்பது மட்டு எனத் தனியே கூறப்படுவதால், மூவகை நீரை நொதிக்காத பானமாகக் கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

சுனைத்தேறல் வீட்டிற்கு வராமைக்குக் கலமும் ஒரு காரணமாகலாம். திறந்த சுனையில் காற்றுப்பட்ட பழமது விரைவில் புளித்துக் காடியாகிவிடும். அதனைக் காக்க மூடிய கலம் வேண்டும். திருமுருகாற்றுப்படையில் குறவர் உண்ணும் தேறல் நெடிய மூங்கிற் குழாயில் விளைந்தது. ஆனால் அது தேனால் ஆனது. மூடிய கலத்தில் நெடுந்தொலைவு வந்த மதுவைப் புறநானூறு 56 காட்டுகிறது. யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, பாண்டியன் நன்மாறன் அருந்துகிறான். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடித் துண்டுகள் கிடைத்தன. அச்சாடிகளில் வந்த திராட்சை மதுவுக்கும், மயில் குடித்த மாம்பழ மதுவுக்கும் புலவர்கள் வழங்கிய பெயர் தேறல் என்ற ஒன்றே.