மௌனம் சம்மதமா?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைக் கடந்து போகிற யாரும் ரமணரின் அந்த முகத்தைப் பார்க்காமல் போக முடியாது. டீக்கடைச் சுவர், ஆட்டோவின் முன்கண்ணாடி, காலண்டர், சாவிக்கொத்து என்று எங்கும் அதே முகம்தான். 1946இல் ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் அது. அதன் கீழே வெல்லிங்கின் பெயரைப் பார்ப்பது அபூர்வம். அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் போடலாமா என்கிற விவாதம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. எடுத்தவருக்குச் சேர வேண்டிய பெயர், பணம், அவ்வளவுதான். நியாயமான கேள்விதான், சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் இந்த விஷயத்தில் ஒன்றும் பெரிய யோக்கியர்கள் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. படத்தில் இருப்பவரை யார் கேட்டது?

1950 ஏப்ரலுக்குப் போவோம். ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் என்கிற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அந்த மாதம் திருவண்ணாமலையில் இருந்தார். இடது கையில் புற்றுக்கட்டியோடு ரமணர் படுக்கையில் கிடந்த நாட்கள் அவை. ஏப்ரல் 14 இரவு ரமணர் இறந்தார். அந்தக் கடைசி நாட்கள் கார்த்தியே-பிரெஸோனின் படச்சுருளில் ஏறின. அதே மாதம் அவர் பாண்டிச்சேரிக்கும் போனார். அங்கே அரவிந்தர் பல பத்தாண்டுகளாகத் தன்னைப் படமெடுக்க விட்டதில்லை. அன்னையின் அனுமதியைப் பெற்ற பிறகே கருவி அறைக்குள் நுழைந்தது. ஒரே கருவி, ஒரே மாதம், இரண்டு ஊர். ஓரிடத்தில் 'மாட்டேன்' என்று சொல்லிவந்த ஒருவர். ஆகவே அனுமதி என்பது ஒரு பொருளாயிற்று. இன்னோரிடத்தில் யாரையும் எதற்கும் தடுக்காத ஒருவர். இங்கே ஆசிரமம் இசைந்திருக்கலாம். ஆனால் 'உடம்பு நான் அல்ல' என்றவரின் வலிக்கிற உடம்பு எதற்கு இசைந்தது? மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பார்கள். அது பேசத் தெரிந்தவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட பழமொழி.

கார்த்தியே-பிரெஸோனை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. அவருடைய வாழ்க்கையிலேயே இந்த முரண் துலக்கமாகத் தெரிகிறது, அதனால்தான் எடுத்துக்கொள்கிறேன். 1947இல் நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய மேக்னம், படங்களின் உரிமை பத்திரிகை முதலாளியிடம் போகாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த கூட்டுறவு அமைப்பு. உழைப்பவனின் உரிமை, வரவேற்க வேண்டியதுதான். 1952இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற தொகுப்பின் பிரெஞ்சுத் தலைப்பு 'இமாஜ் அ லா சோவெத்'. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் சரக்கு விரித்து, போலீசைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரியின் வாடை அந்தத் தொடரில் உண்டு. ஆங்கிலத்தில் அதுவே 'தீர்மானமான கணம்' என்று கம்பீரமாக மாறிவிட்டது. களவின் வாடை போய்விட்டது. இதே மனிதர் 1975இல் ஆக்ஸ்ஃபோர்டில் கௌரவப் பட்டம் வாங்கியபோது, தன்னை யாரும் படமெடுக்காதபடி காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தெருவில் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் வேலை கெட்டுப்போகும் என்பது அவர் நியாயம். முகத்தை மறைத்துக்கொள்ளும் உரிமையின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டமும் இந்தச் சாய்வில்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படத்தின் 'ஆசிரியர்' என்பவர் அதை எடுத்தவர். 2012 திருத்தத்திற்குப் பிறகு அவர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை நீளுகிறது. படத்தில் இருப்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் மலையைப் போல, மாட்டைப் போல ஒரு காட்சிப்பொருள். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது குறித்த வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம் தனிமனித அந்தரங்கத்தை உரிமையாக ஏற்றது. சம்மதமின்றி ஒருவரின் பெயரையோ உருவத்தையோ பயன்படுத்துவது அதை மீறுவதாகலாம் என்றது. பத்திரிகைச் சுதந்திரத்தையும் அதே தீர்ப்பு காத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் நீதிமன்றப் படியேற வழியில்லாதவருக்கு இதனால் என்ன?

அப்படி வழியில்லாதவர்களின் முகங்கள்தான் நம் ஆவணக் காப்பகங்களில் நிரம்பியிருக்கின்றன. தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான குடும்பங்களைக் கருவி முன் உட்கார வைத்து எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி. அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளின் முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. அவரைக் கண்டதும் வயநாட்டுப் பணியப் பெண்கள் ஓடிப்போனார்களாம், தங்களில் சிலரைப் பாடம் பண்ணி மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயந்து. தர்ஸ்டனுக்கு அது வேடிக்கை. எனக்கு அது பார்வையின் அதிகாரம் குறித்த கூர்மையான விமர்சனமாகப் படுகிறது. கொஞ்சம் மிகைதான், தவறில்லை.

சரி, வெள்ளைக்காரன் செய்தான். நாம் என்ன செய்கிறோம்? 2009க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த படங்களை நினைத்துப் பாருங்கள். சிங்களச் சிப்பாய்கள் வெற்றிச் சின்னமாகத் தங்கள் செல்போனில் எடுத்தவை அவற்றில் பல. சட்டப்படி பார்த்தால் 'ஆசிரியர்' அந்தச் சிப்பாய்தான்! அவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவை குற்றத்தின் சாட்சியங்கள், வெளிவந்தே ஆகவேண்டியவை. ஆனால் சாட்சியம் விசாரணை மன்றத்துக்குப் போவது வேறு, சிதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் இங்கே பேனராகித் தலைவரின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் நிற்பது வேறு. முதலாவதில் அவளுக்காக நாம் பேசுகிறோம். இரண்டாவதில் அவளை வைத்து நாம் பேசுகிறோம். எடுத்தவனின் பார்வையை மறுபடி ஒருமுறை நாமே நிகழ்த்துகிறோம்.

இறந்தவர் எப்படிச் சம்மதிப்பார் என்று கேட்கலாம். 1850இல் அமெரிக்காவில் அகாஸி என்கிற ஹார்வர்டு பேராசிரியர், கறுப்பினத்தவர் தாழ்ந்தவர் என்று 'நிரூபிக்க' ரென்டி என்ற அடிமையையும் அவர் மகள் டெலியாவையும் ஆடை களைந்து படமெடுக்க வைத்தார். தான் ரென்டியின் வழிவந்தவள் என்று டமாரா லேனியர் 2019இல் வழக்குப் போட்டார். 2025இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஹார்வர்டு அந்தப் படங்களை விட்டுக்கொடுத்தது. 175 ஆண்டு கழித்தும் கேட்க ஆளிருந்தார்கள்.

கடைசியாக என் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் சேர்ந்து நடத்திய இதழின் அட்டைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அடி அண்ணாமலையில் விறகுச் சுமையோடு வந்த ஒரு கிழவியை நண்பர் எடுத்திருந்த படத்தைப் போட்டோம். நண்பரைக் கேட்டேன், அவர் பெயரையும் போட்டேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே விளிம்புநிலை மக்களின் குரல் பற்றி நான் எழுதிய பத்துப் பக்கக் கட்டுரை. யாரோ இதழை அந்தம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். வழியில் பார்த்தபோது கோபமாகக்கூடப் பேசவில்லை. "ஏம்ப்பா, ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல பொடவயா கட்டிக்கினு வந்து நின்னிருப்பேனே" என்றார்.

சம்மதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கோட்பாட்டு நூலிலும் படித்ததில்லை. 'எடுக்காதே' என்று மறுக்கும் உரிமை மட்டுமல்ல அது. எந்தப் புடவையில், எந்தக் கோலத்தில் உலகத்துக்கு முன் நிற்பது என்று தீர்மானிக்கும் உரிமையும்தான். நமக்கு வேண்டியிருந்தது கந்தல் புடவை. அதனால்தான் கேட்கவில்லை.