ஜில்லா, தாலுகா, கிராமம்: பாலாற்றங்கரையில் மூதாதையரைத் தேடுதல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் வட்டாரத்தில் காலனிக் காலத்து முன்னோரைத் தேடுவோருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘நம்மவர்களுக்கு ஏது ஆவணம்?’ என்பதே. இப்பதில் பிழையானது. ஆவணம் இருக்கிறது, ஆனால் அது வம்சத்தை நினைவில் வைக்க எழுதப்பட்டதல்ல. நிலவரிக்கும் கூலி ஒப்பந்தத்துக்கும் எழுதப்பட்டது. ஆகவே நிலமற்றவர்களில் ஊரிலேயே இருந்தவரைவிடக் கப்பலேறியவரே இன்று எளிதில் அகப்படுகிறார்.

கனடாவின் பிரெஞ்சுக் குடிகள் இதற்கு நேர்மாறு. கியூபெக்கில் 1621 முதல் பங்குக் கோயில்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் ஏற்றின. மணமான பெண்ணையும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராலேயே குறித்ததால் தாய்வழியும் அறுபடவில்லை. அவற்றைக் கொண்டு சிப்ரியன் டாங்கே என்ற பாதிரியார் 1871 தொடங்கி 1890க்குள் ஏழு தொகுதிகளாக வம்சாவளி அகராதி வெளியிட்டார்.

நம் பக்கம் அதற்கு மிக நெருங்கி வருவது தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கப்பல் பதிவேடுகள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தார், அவர்களில் வடஆற்காட்டார் ஏராளம். ஒவ்வொருவருக்கும் தனி எண். அதை அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம். தப்பி ஓடினால் பிடிப்பதற்குப் பயன்பட்ட அந்த அடையாளக் குறிப்பே, ஒரே பெயருடைய இரண்டு முனுசாமிகளை இன்று நமக்குப் பிரித்துக் காட்டுகிறது. தகப்பன் பெயர் பெண்ணுக்கும் உண்டு என்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் ஜில்லாப் பெயரை இன்றைய வரைபடத்தை வைத்துப் படித்தால் தேடல் திசைமாறும். ஆம்பூர் அன்று வடஆற்காட்டின் வேலூர் தாலுகாவில் இருந்தது. அதே பாலாற்றங்கரையில் அருகிலுள்ள வாணியம்பாடியோ சேலம் ஜில்லாவின் திருப்பத்தூர் தாலுகாவில். 1911இல்தான் திருப்பத்தூர் தாலுகா வடஆற்காட்டோடு சேர்ந்தது. அதே ஆண்டு சித்தூர் பிரிந்துபோனது. 2019 முதல் இரண்டு ஊர்களும் திருப்பத்தூர் மாவட்டம். ஆகவே ‘சேலம்’ என்று பதிவான ஒருவரைச் சேலம் நகரத்துக்காரர் என்று கொள்வதும், ‘வடஆற்காடு’ என்றிருப்பவரை வேலூரிலேயே தேடுவதும் தவறு. அவர் சித்தூரோடு பிரிந்துபோன பலமநேரிக்காரராகவும் இருக்கலாம். முதலில் தாலுகா, பிறகுதான் ஜில்லா.

பெயரும் இப்படித்தான். தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், தென்னாப்பிரிக்காவில் தனிமனிதர் பெயரோ சாதிப் பட்டமோ பரம்பரைப் பெயராக நிலைத்தது. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். சாதிப் பத்தியை நான் முழுமையாக நம்ப மாட்டேன். ஆள் பிடிப்பவர் சொன்னதும், புதுவாழ்வு தேடியவர் தாமே மாற்றிச் சொன்னதும் அதில் கலந்திருக்கும். கிராமப் பெயர் அதைவிட உறுதியான பிடி.

ஊரிலேயே தங்கித் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைக் குழியிலும் உழைத்தவர்களுக்கு இப்படி ஒரு வரிகூட எளிதில் கிடைப்பதில்லை. முதலாளிமார் குடும்பங்கள் வக்ஃபு ஆவணங்களிலும், 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற அறக்கொடைகளிலும் பதிந்திருக்கின்றன. தொழிலாளி பதிந்திருக்கக்கூடிய இடங்கள் வேறு: மிஷன் கோயில்களின் ஞானஸ்நான ஏடு, ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு, தொழிற்சாலையின் வருகைப் பதிவேடு, முன்பணக் கணக்கு. முதலிரண்டும் ஓரளவு பத்திரமாக இருக்கும். பின்னிரண்டும் ஆலை மூடும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடக்கூடியவை. இந்நான்கில் எதையேனும் வைத்திருக்கும் குடும்பங்களும் ஜமாத்துகளும் சபைகளும் அது அழியுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து, அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதியாவது ஒப்படைக்க வேண்டும்.