அழைப்பும் இடமும்: மெர்சிங்கை முன்வைத்து அவசர அழைப்பு வரைபடத்தின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

தொலைபேசியில் உதவி கோரி ஒருவர் அழைக்கும்போது, அவருக்கு நேர்ந்த ஆபத்து எத்தகையது என்பதைக் காட்டிலும், அவர் எவ்விடத்திலிருந்து பேசுகிறார் என்பதே முதலில் தெளியவேண்டிய விஷயமாகும். ஏனெனில் ஆபத்தின் தன்மை அறியாமல் புறப்பட்ட ஆம்புலன்சு ஓரளவேனும் பயன்படும், இடமறியாமல் புறப்பட்டதோ எவ்வகையிலும் பயன்படாது. இந்த இடமறியும் ஞானம் யாரிடத்தில் தங்கியிருந்தது, மனிதரின் ஞாபகத்தினின்று காகிதப் படத்துக்கும் அதனின்று கணினிப் படத்துக்கும் எவ்வாறு பெயர்ந்தது, அப்பெயர்ச்சியில் விடுபட்டது யாது என்பவற்றை, ஜொகூர் மாநிலத்தின் கீழைக் கரையிலுள்ள மெர்சிங் மாவட்டத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெர்சிங்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கே ராவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், ஆவுர் முதலிய தீவுகள் சிதறிக்கிடக்க, மேற்கே எண்டாவ்-ரொம்பின் காடு கவிந்து நிற்க, இடைப்பட்ட நிலத்தில் செம்பனைத் தோட்டங்களும் பெல்டா என்னும் அரசு நிலத்திட்டக் குடியேற்றங்களும் பரவியிருக்க, நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலையும் ஆறுகளையும் ஒருங்கே கலக்கிவிடும் இப்பிரதேசத்தில், வீட்டெண்ணும் தெருப்பெயரும் சேர்ந்த நகர முகவரி என்பது சிறுபகுதிக்கே பொருந்தும். முகவரி இல்லாத இடத்திலிருந்து எழும் அழைப்பே வரைபடக் கலைக்கு உண்மையான பரீட்சை.

இப்பகுதியின் பழைய படங்கள் அபாயத்தை எண்ணி எழுந்தவையல்ல. லேக், கெல்சால் என்னும் இருவர் எண்டாவ் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து செம்புரோங் ஆற்றின் வழியே பத்து பகாட் வரை சென்ற பிரயாணத்தின் விவரம், ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் நீரிணைக் கிளைச் சஞ்சிகையில் 1894இல் வெளிவந்தது. ஆறே வழியாயிருந்த காலத்தில் படமும் ஆற்றைப் பற்றியே சென்றது இயல்பு. பின்னர் நில அளவைத் துறையார் பகாங்கிலுள்ள கெர்தாவை மூலஸ்தானமாகக் கொண்டு தீபகற்பம் முழுமைக்கும் ஒரே அளவைத் தளத்தை வகுத்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலோ படத்தின் தேவை திடீரெனப் பெருகிற்று. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் மறைவிடங்களை வானிலிருந்து படம்பிடிக்க பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆம் அணி ஓயாது பறந்தது; அப்படையில் ஸ்பிட்பயர் விமானம் கடைசியாகப் போர்ப்பணிக்குப் புறப்பட்டது 1954 ஏப்ரல் 1 அன்று ஜொகூர்க் காட்டைப் படம்பிடிக்கவே. சதுரக் கட்டங்களிட்ட தாள்களில் எண்களால் இடத்தைச் சுட்டும் வழக்கம் படையினரிடையேயும் போலீசாரிடையேயும் வேரூன்றியதற்கு இக்காலமே துணை செய்தது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அத்தாள்கள் தோட்டத்து மக்களைத் தேடுவதற்கு உதவினவேயன்றி, அம்மக்கள் உதவி தேடுவதற்கு உதவவில்லை.

தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு ஆபத்து நேர்ந்தால் செய்தி சென்ற பாதையை நினைவுகூர்வது நலம். லயத்தில் பாம்பு கடித்தாலும், பால்வெட்டுக் காட்டில் மரம் சாய்ந்தாலும், முதலில் மேற்பார்வையாளரான மண்டோருக்குச் சொல்லி, மண்டோர் ஆபீசுக்கு ஓடி, எழுத்தரான கிராணி தொலைபேசியை எடுத்து, இணைப்பகத்து ஊழியரிடம் ஆஸ்பத்திரியைக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. இம்முறை தாமதமானது, தொழிலாளியின் உயிர் துரையின் அல்லது கிராணியின் தயவில் தொங்கியது என்ற குறைகளை எவரும் மறுக்க இயலாது. எனினும் அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இடமறிந்த மனிதர் ஒருவர் இருந்தார். எந்த டிவிஷன், எந்த லயம், எந்தப் பாலம் மழையில் மூழ்கும், லாரி எதுவரை வரும் என்பன கேட்காமலே விளங்கின.

சாலையில் இதே பணியை மைல்கற்கள் ஆற்றின. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக வரும் 3ஆம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக வரும் 50ஆம் எண் சாலையும் ஜெமாலுவாங்கில் சந்திக்கின்றன. இச்சாலைகளின் ஓரத்தில் வாழ்ந்தோர் தம் இருப்பிடத்தைக் கல்லின் எண்ணாலேயே சொல்லிவந்தனர். மெட்ரிக் முறை வந்தபின் மைல்கற்கள் அகன்று கிலோமீட்டர் கற்கள் நடப்பட்டன. மக்களின் நாவிலோ பழைய எண்ணே நிலைத்தது. பத்தாம் மைலைக் குறித்துப் பத்தாங்கட்டை என்று முதியவர் சொல்லும் இடத்தைப் புதிய கற்களைக் கொண்டு தேடுவோர் பதினாறாம் கிலோமீட்டரில் தேடவேண்டும். பத்தில் தேடினால் ஆறு கிலோமீட்டர் பிசகும். அன்றியும் தூரம் எவ்வூரிலிருந்து எண்ணப்பட்டது என்பதும் தெரிந்தாகவேண்டும். இன்றைய கணினிப் படத்தில் இருவகை எண்களையும் ஒரே சாலைக்கோட்டின்மீது பொருத்திவைப்பது கடினமன்று; அது செய்யப்படவேண்டிய வேலை என்று ஒருவருக்குத் தோன்றுவதே கடினம்.

இதற்கிடையே வேறு தேசங்களில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டன் விம்போல் வீதியில் 1935இல் நேர்ந்த தீ விபத்தில் ஐந்து பெண்கள் மாண்டபின், அவசர அழைப்பைச் சாதாரண அழைப்பினின்று பிரித்தறியும் தேவை உணரப்பட்டு, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் பிரயோகத்துக்கு வந்தது. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்து ஹேலிவில் ஊரில் நிகழ்ந்தது. அதே பத்தாண்டில் கனடாவில் ராஜர் டாம்லின்சன், நிலவளக் கணக்கெடுப்புக்காகப் புவியியல் தகவல் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். காட்டையும் வயலையும் எண்ணப் பிறந்த யந்திரமும், தீயையும் திருட்டையும் அறிவிக்கப் பிறந்த எண்ணும் பின்னாளிலேயே கைகோத்தன.

மலேசியாவில் நெடுங்காலம் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் 999, தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 எனத் தனித்தனி எண்கள் வழங்கின. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறி நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தபோது, ஒரே குடும்பத்துக்குப் படகும் மருந்தும் காவலும் ஒருங்கே தேவைப்படும் நிலை எங்கும் காணப்பட்டது. 2007இலேயே எல்லா எண்களையும் 999இல் இணைக்கும் மலேசிய அவசர உதவிச் சேவை தோன்றிற்று. அழைப்பை டெலிகாம் மலேசியாவின் ஊழியர் ஏற்று, விவரம் கேட்டு, உரிய துறைக்கு அனுப்பும் முறை வகுக்கப்பட்டது.

இவ்விணைப்பு பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் அழைப்பை ஏற்பவர் இனி மெர்சிங்வாசியல்லர்; சுங்கை என்னும் ஆறு எது, சிம்பாங் என்னும் சந்தி எது என்பதை அவர் திரையில் தோன்றும் படமே சொல்லவேண்டும். ஆகவே புவியியல் தகவல் முறையை ஒரு நவீன அலங்காரமாகக் கருதுவது தவறு. கிராணியும் இணைப்பகத்து ஊழியரும் வகித்த ஸ்தானத்தை நிரப்ப வந்த பிரதிநிதி அது. பிரதிநிதிக்கு ஊர்ஞானம் புகட்டப்பட்டதா என்ற கேள்வியே எஞ்சுகிறது.

கம்பித் தொலைபேசியாயின் சந்தாதாரரின் முகவரி பதிவேட்டில் உண்டு. கைபேசியிலோ எக்கோபுரம் அழைப்பைப் பெற்றது என்பதே முதலில் கிட்டும் தடயம். நகரில் கோபுரங்கள் நெருங்கியிருப்பதால் பிழை சிறிது, தோட்டப்புறத்தில் அவை அருகியிருப்பதால் பிழை கிலோமீட்டர் கணக்கில் விரியும். கைபேசி தானே தன் அட்சரேகை தீர்க்கரேகைகளை அனுப்பினாலும் சிக்கல் தீர்வதில்லை: கெர்தாவை அடிப்படையாகக் கொண்ட பழைய படமும், 2003இல் அறிமுகமான ஜிடிஎம்2000 என்னும் புவிமையத் தளமும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு எண்களைத் தருவன. இரண்டையும் மாற்றக்கணிதமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் ஆற்றின் இக்கரை வீடு அக்கரையில் போய் நிற்கும்.

பதிவான அழைப்புகளையெல்லாம் புள்ளிகளாக்கி, நெருக்கமான இடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டும் அடர்த்திப் படம் இன்று நிர்வாகிகளின் பெருவிருப்பத்துக்குரியது. அதை வாசிப்பதில் நிதானம் வேண்டும். 999க்கு வரும் அழைப்புகளில் பெரும்பான்மை வீணானவை. அவற்றைக் களையாத படம் விளையாட்டுச் சிறுவர்களின் படமேயாகும். களைந்தபின்னும், சிவந்து தோன்றுவது ஆபத்து மிகுந்த இடமா, அலைவரிசை நன்கு கிட்டும் இடமா என்பதை ஆராயவேண்டும். படகுத்துறையைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்து, உள்தோட்டத்தில் ஒன்றுமில்லாதிருப்பின், உள்தோட்டத்தார் சுகமாயிருக்கிறார்கள் என்று கொள்வதற்கில்லை. அவர்கள் அழைக்க இயலாமலோ, அழைக்காமலே நோயாளியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றோ இருக்கலாம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்சுச் சேவையை ஆராய்வோரும் இவ்வெச்சரிக்கையை மனத்திற்கொள்ளவேண்டும்.

கடலில் இக்கலை மேலும் தடுமாறுகிறது. தியோமான் தீவு பகாங் மாநிலத்து ரொம்பின் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் செல்லும் பிரதான துறைகளில் ஒன்று ஜொகூர் மாநிலத்து மெர்சிங். 2007 அக்டோபரில் மெர்சிங்கிலிருந்து தியோமான் சென்ற படகு தீப்பற்றி எழுவர் மாண்டனர். நிலத்தின் எல்லைக்கோடுகளைக் கொண்டு எந்நிலையத்துக்கு அழைப்பை அனுப்புவது என்று தீர்மானிக்கும் மென்பொருளுக்கு இத்தகைய சம்பவம் இரு மாவட்டங்களுக்கும் உரியது, இரண்டுக்கும் உரியதன்று.

2022 ஏப்ரல் 6 அன்று மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சங்கோல் தீவருகே முக்குளிப்புப் பயிற்சியிலிருந்த நால்வர் நீரோட்டத்தில் காணாமற்போயினர். மறுநாள் ஒருவர் மீட்கப்பட்டார். 9ஆம் நாள் அதிகாலை இருவரை, நெடுந்தூரம் தெற்கே, கோத்தா திங்கி மாவட்டத்துக் கடலில் மீனவர்கள் கண்டெடுத்தனர். நான்காமவரான சிறுவன் பிழைக்கவில்லை. இங்கே இடம் என்பது புள்ளியன்று, மணிதோறும் விரிந்துசெல்லும் ஒரு பரப்பு. அதைக் காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு கணிக்க, மலேசியக் கடல்சார் அமலாக்க முகமை சார்மேப் போன்ற தனி மென்பொருளைக் கையாள்கிறது. இத்தகைய சம்பவத்தைச் சாதாரண அழைப்புப் படத்தில் ஏற்றும் ஆய்வாளன், அவர்கள் முக்குளித்த இடத்தையா, செய்தி கிட்டிய கரையையா, மீட்ட இடத்தையா குறிப்பது? ஒன்றை மட்டும் குறித்து மற்றவற்றை விடுவதற்குப் பதில், மூன்றையும் அவற்றின் நேரத்தோடு தனித்தனியே பதிவதே கடற்கரை மாவட்டங்களுக்கு ஏற்ற முறை என்று கருதுகிறேன். மைல்கல் எண்ணுக்கும் கிலோமீட்டர் எண்ணுக்கும் இருவேறு பத்திகள் ஒதுக்கும் அட்டவணையில் இதற்கும் இடம் காண்பது அரிதன்று.