அடைக்கப்பட்ட வாயிலும் ஜெனரல் குமாரமங்கலமும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஜமீன் குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் வரலாற்றுக்கு இடம் எதற்கு என்று இளைஞர்கள் வினவக்கூடும். வினவுதல் முறையே. ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் நம்மவர் அல்லர். ஆயினும், அவர் நுழைந்த வாயில் எத்துணைக் காலம், எவர்க்கெல்லாம் அடைக்கப்பட்டிருந்தது என்பது நம்முடைய வரலாறும் ஆகும்.

கும்பெனியாரின் சென்னைப் படையில் பறையர் குலத்து வீரர் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். 1857 கிளர்ச்சிக்குப் பின்னர், பீரங்கிகள் இந்தியர் கையில் இருத்தல் ஆகாது என ஆங்கில அரசு முடிவு செய்தது. சில மலைப் பீரங்கி அணிகள் நீங்கலாகப் பிற கலைக்கப்பட்டன. அடுத்த அடி 1881-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்த பிரெடெரிக் ராபர்ட்ஸ் காலத்தில் விழுந்தது. அவர் வங்காளப் பீரங்கிப் படையில் வளர்ந்தவர். தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர் என்னும் கொள்கையினர். 1885-இல் இந்தியப் படை முழுமைக்கும் அவரே தலைமை ஏற்றார். தென்னாட்டுக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன; அல்லது வடநாட்டாரைக் கொண்டு நிரப்பப்பட்டன. மராட்டிய நாட்டில் மகார் வீரர்க்கும் 1890-களில் இதே கதி நேர்ந்தது. பெங்களூரிலிருந்த மதராஸ் சாப்பர்ஸ் நம்மவர்க்கு எஞ்சிய புகலிடமாயிற்று. கோட்டை தகர்க்கவும் பாலம் அமைக்கவும் வேண்டப்பட்டவர், துப்பாக்கி ஏந்தத் தகாதவரானது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ராபர்ட்ஸின் ஆதரவாளர் எவரும் நேர்மையான விடை பகர்ந்ததாக நாம் அறியோம்.

1918-இல் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரி இந்தியர்க்குத் திறந்தது. பீரங்கி அதிகாரிகளைப் பயிற்றும் உல்விச் அதற்கும் பிந்தியே திறந்தது. பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பப் பொருள் வேண்டும். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தாரும் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்தவருமான டாக்டர் சுப்பராயனுக்கு அது இருந்தது. 1913-இல் பிறந்த மகன் ஈட்டன் பள்ளியில் பயின்று, உல்விச்சில் தேறி, 1933-இல் அதிகாரியானார்.

இக்குடும்பத்தைப் பற்றி ஒன்று கூறாமல் செல்லுதல் நன்றியன்று. தாயார் ராதாபாய், 1930-இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில், நம் தலைவர்களாம் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அமர்ந்தவர். தந்தையார் 1932-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதாவைக் கொணர முயன்றார்; வைசிராய் இசைவளிக்கவில்லை.

1935 ஜனவரி 15-ஆம் நாள் பெங்களூரில் இந்தியர்க்கென முதற் களப் பீரங்கிப் படை அமைந்தது. அதில் தென்னாட்டு வீரர்க்கும் இடமளிக்கப்பட்டது. முக்கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தடை அன்று தளர்ந்தது. ஏழாண்டுகளுக்குப் பின், 1942 மே மாதம், லிபியாவின் பிர் ஹக்கீம் பாலைவனத்தில் பகைவரின் கவசப்படை இந்தியப் படையணி மீது பாய்ந்தது. அங்கே குமாரமங்கலம் ஒரு பீரங்கி அணிக்குத் தலைமை தாங்கினார். அங்குக் காட்டிய தீரத்திற்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார். பின்னர்ச் சிறைப்பட்டு இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். பிற்காலத்தில் பாகிஸ்தான் அதிபரான யாஹ்யா கானும் அம்முகாமில் உடனிருந்தார் என்பது வரலாற்றின் விளையாட்டு. குமாரமங்கலம் தப்பியோடினார், மீண்டும் பிடிபட்டு ஜெர்மானியச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

போருக்குப் பின் அமெரிக்காவின் போர்ட் சில் பீரங்கிப் பள்ளியில் பயின்றார். படிப்படியாக உயர்ந்து, 1963-இல் கிழக்குப் பிராந்தியத் தளபதியானார். 1966 ஜூன் 8-இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மறு ஆண்டு செப்டம்பரில் நாதுலாக் கணவாயில் சீனருடன் மோதல் மூண்டபோது, நிலைமையை மாற்றியவை இந்தியப் பீரங்கிகளே. 1969-இல் ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் பயின்று மன்னரின் ஆணை பெற்ற அதிகாரிகளுள் இறுதியாக அப்பதவியை வகித்தவர் அவரே. 1970-இல் பத்ம விபூஷண் பெற்றார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 13-இல் மறைந்தார்.

பிர் ஹக்கீமில் அவருடன் நின்று குண்டு நிரப்பிய சிப்பாய்களின் பெயரை நாம் தேடினோம். அவருடைய வரலாற்றைக் கூறும் ஏடுகளில், நாம் பார்த்த அளவில், ஒன்றும் கிடைக்கவில்லை.