சாய்தளம்

சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் படி இல்லாமல் ஏறிப்போக அமைக்கும் சரிவுப் பாதை. 'சாய்' என்ற வினையடியோடு 'தளம்' சேர்ந்த வினைத்தொகை. அதனால்தான் நடுவில் 'த்' மிகாது. 'சாய்த்தளம்' என்று பலகையில் எழுதினால் பிழை. சேலம், நாமக்கல் பக்கம் பேச்சில் 'ராம்ப்' என்றால்தான் மேஸ்திரிக்கும் புரியும்.

எவ்வளவு சாய்வு என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. நம் கட்டட நெறிமுறை கேட்பது 1:12. ஒன்றரை அடி உயர வராந்தாவுக்கு 18 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று ஆறு அடியில் முடித்தால் ஏறும்போது இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது நாற்காலி கைமீறி ஓடும். அதைச் சாய்தளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிவாரத்தை அடைத்து பைக் நிறுத்தினால் சரியான சரிவும் வீண்தான்.

சாய்தளம் வாசல்வரைதான்; உள்ளேயும் வழி வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. சேலத்தில் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் நாமக்கல் அரசு கலைக் கல்லூரிக்கும் இது பொருந்தும். இடம் கிடைத்த மாணவிக்குத் தேர்வறை இரண்டாம் மாடியில் என்றால்? தரைத்தளத்துக்கு மாற்றித் தருவது கடமை, சலுகை அல்ல. தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' வைத்துக்கொள்வதும் அப்படித்தான். 40 விழுக்காடு குறைபாடு இருந்தால்தான் அந்த உதவி என்று மறுக்கக் கூடாது என 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.