கள்ளுக்கடை மறியல் முதல் உசாத்துணை வரை: கெடா தோட்டப்புறத் தமிழிளைஞரும் ஒத்தார்வழி மனநலக் கல்வியும்

முன்னுரை

மாணவரே மாணவருக்குத் துணைநின்று மனநலத்தையும் உறவுத் திறன்களையும் கற்பிக்கும் முறை, இன்று உயர்கல்விக் கூடங்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. இம்முறை மேலைநாட்டு உளவியலின் கொடை என்றும், மலேசியத் தமிழ்ச் சமூகத்திற்கு முற்றிலும் புதியது என்றும் கருதும் போக்கு கல்வியாளரிடையே காணப்படுகிறது. இதன் கலைச்சொற்கள் புதியவை என்பது உண்மையே. ஆயின், இளைஞரே இளைஞரின் நல்வாழ்வுக்குப் பொறுப்பேற்கும் மரபு, கெடா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழரிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உடையது. அவ்வரலாற்றின் நிறைகளையும் குறைகளையும் எடுத்துரைத்து, அவை இன்றைய ஒத்தார்வழிக் கல்விக்கு எவ்வகையில் பயன்படும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டச் சூழலும் துயரமும்

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையின்வழிக் குடியேறினர். பிரட்டுக்களத்தில் தொடங்கிப் பால்மரக் காட்டில் கழியும் நாள், லயத்தின் ஒற்றை அறையில் முடிவுறும். துரை, கிராணி, கங்காணி என்னும் அடுக்கதிகாரத்தின் கீழ் வாழ்ந்த தொழிலாளிக்குத் தன் மனக்குறையைச் சொல்லி ஆற்றிக்கொள்ளும் இடம் எதுவும் அமைக்கப்படவில்லை. அவனுக்கென அமைக்கப்பட்டது கள்ளுக்கடை. அது அரசின் உரிமத்தோடு நடந்தது. தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது. எனவே, தொழிலாளியின் குடிப்பழக்கத்தை அவனது தனிமனித ஒழுக்கக் கேடாக மட்டும் காண்பது வரலாற்றுப் பார்வை ஆகாது. துயரத்திற்கு வேறு வடிகால் இல்லாத இடத்தில், வடிகாலாக விற்கப்பட்ட பொருள் அது.

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சி இச்சூழலை மேலும் கொடிதாக்கியது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. திரும்பியவரும், கணவனையோ தந்தையையோ இழந்த குடும்பத்தினரும் அடைந்த உளக்காயத்தைக் கேட்டறிய எவரும் இருந்திலர். அதே காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்ட இளைஞர், அதுவரை தமக்கு மறுக்கப்பட்டிருந்த தன்மதிப்பையும் ஒழுங்கையும் முதன்முறையாக நுகர்ந்தனர். துயரமும் தன்மதிப்பும் ஒருங்கே கூடிய இச்சூழலில்தான் தொண்டர் படை தோன்றியது.

தொண்டர் படை

போருக்குப் பின், 1946ஆம் ஆண்டளவில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை இயங்கலாயிற்று. கள்ளுண்ணாமை, தூய்மை, பிள்ளைகளின் கல்வி, பெண்களின் மானம் காத்தல் ஆகியவற்றை அது வலியுறுத்தியது. தொழிலாளரின் பிள்ளைகளும் தம்பியருமே அதன் உறுப்பினர். வெளியிலிருந்து வந்து அறிவுரை கூறிய சீர்திருத்தக்காரர் அல்லர் அவர். அதே லயத்தில் அதே துயரத்தில் வளர்ந்தவர். இவ்வொப்புமையே அவ்வியக்கத்தின் வலிமை. காந்தியம் பேசியோரும் தன்மதிப்பு இயக்கத்தாரும் பல்லாண்டுகளாக மேடையில் சொல்லிவந்த மதுவிலக்கை, பக்கத்து வீட்டு இளைஞனின் சொல் சில திங்களில் தோட்டந்தோறும் கொண்டு சேர்த்தது.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டபோது காவல்துறையுடன் மோதல் மூண்டது. தொடர்ந்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர் உயிரிழப்பும் நேர்ந்தது. புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் பலர் கைது செய்யப்பட்டனர். தலைவர் சிறைப்பட, இயக்கம் ஒடுக்கப்பட்டது. 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், இத்தகைய அமைப்புகள் மீண்டும் தலையெடுக்கும் வாய்ப்பையும் அடைத்தது.

இவ்வியக்கத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு கூறாகவே ஆய்வாளர் பெரிதும் நோக்கியுள்ளனர். அது பொருத்தமானதே. எனினும், ஒத்த வயதினரின் வழி நடத்தை மாற்றத்தை உண்டாக்க முயன்ற ஓர் இயக்கமாகவும் அதனைக் காணலாம். அவ்வாறு காணும்போது அதன் குறையும் புலப்படும். குடித்தவரைக் கண்டித்தலோடு நில்லாமல் தண்டித்தலையும் அது கையாண்டது. குடிப்பவன் ஏன் குடிக்கிறான் என்று கேட்கும் பொறுமையை அன்றைய போராட்டச் சூழல் அவ்விளைஞருக்கு அளிக்கவில்லை. அன்பில் தொடங்கிய கண்காணிப்பு அச்சுறுத்தலாக மாறக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

கல்விவழித் துணை

பின்னர் இம்மரபு கல்வியின் பக்கம் திரும்பியது. 1950களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றமும், பின்னர் நாடெங்கும் பரவிய தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் இளைஞருக்குப் பேசவும் எழுதவும் கூடவும் களம் அமைத்தன. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவரையே பள்ளி மாணவருக்கு வழிகாட்டிகளாக்கியது. தன்னைப் போன்றே தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் பல்கலைக்கழகம் சென்றுள்ளார் என்பதைக் கண்ணெதிரே காண்பது, பாடநூல் தராத நம்பிக்கையை மாணவனுக்குத் தந்தது.

இதற்கிடையில் தோட்டங்களும் மாறின. துண்டாடல், செம்பனை மாற்றம், வீடமைப்புத் திட்டங்கள் ஆகியவற்றால் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களின் மலிவு விலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. கோயிலும் திடலும் ஒருசேர இருந்த கூட்டு வாழ்க்கை சிதைந்தது. மறுபுறம் உயர்கல்வி கெடாவுக்கே வந்தது. 1984இல் மலேசிய வட பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் வளாகம் பின்னர் சிந்தோக்கில் அமைந்தது. 2001இல் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று பீடோங்–செமிலிங் சாலையில் உள்ளது. தொண்டர் படை எழுந்த அதே பீடோங் வட்டாரத்தில், அத்தோட்ட மக்களின் பெயரர் வயதுடையோர் இன்று மருத்துவமும் பொறியியலும் பயில்கின்றனர்.

இவர்தம் துயரம் பாட்டனாரின் துயரம் அன்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் பிள்ளைக்கு, தோல்வி தன்னுடையதாக மட்டும் அமைவதில்லை. கடன் வாங்கிய தந்தையின் தோல்வியாகவும் அமைந்துவிடுகிறது. வீட்டில் பேசக்கூடாப் பொருளாகிய காதல், வளாகத்தில் வழிகாட்டல் ஏதுமின்றி எதிர்ப்படுகிறது. மறுப்பை ஏற்றல், பிரிவைத் தாங்கல், உடன்பாடின்மையைச் சினமின்றிச் சொல்லல் ஆகியவற்றை எப்பாடமும் கற்பிப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, பதினாறு வயதிற்கு மேற்பட்ட மலேசியரில் ஏறத்தாழ 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உண்டெனக் கண்டது. இது ஓரினத்தின் சிக்கல் அன்று. ஆயின், 1911இல் மனநோய் மருத்துவமனை நிறுவப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக ஆளும் ஒரு சமூகத்தில், உதவி நாடுவதற்குத் தடை கூடுதலே.

உலக முன்னோடிகளும் மலேசியச் சட்டமும்

தொழில்முறை மருத்துவர் அல்லாதார் செவிகொடுத்துத் துயராற்றும் முறைக்கு, 1953இல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய ‘சமாரித்தன்ஸ்’ அமைப்பு முன்னோடியாகும். இலங்கையின் ‘சுமித்ரயோ’ 1974இலும், சென்னையின் ‘சினேகா’ 1986இலும் அவ்வழியில் எழுந்தன. மலேசியாவில் ‘பிஃபிரண்டர்ஸ்’ அமைப்பு 1970 முதல் இயங்கி வருகிறது. அதே 1970இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவரே மாணவருக்கு இரவில் செவிகொடுக்கும் ‘நைட்லைன்’ தோன்றியது. 2000இல் ஆஸ்திரேலியாவில் உருவான மனநல முதலுதவிப் பயிற்சி, பொதுமக்களுக்கும் இத்திறனைக் கற்பிக்கலாம் என்பதைக் காட்டியது. மலேசியக் கல்விக்கூடங்களில் ‘பெம்பிம்பிங் ராக்கான் செபாயா’ எனப்படும் சகவயதினர் வழிகாட்டித் திட்டம் இதே நெறியைச் சார்ந்தது.

சட்டச் சூழலும் மாறியுள்ளது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசகர் பணியைப் பதிவுக்குரிய தொழிலாக்கியது. 2001இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. தண்டனையிலிருந்து துணைநிற்றலுக்குச் சட்டமே நகர்ந்துள்ள காலத்தில், சமூகம் பின்தங்கி நிற்றல் தகாது.

பாங்கன் காட்டும் நெறி

தொண்டர் படையின் குறையை நீக்கும் நெறி நம் இலக்கிய மரபிலேயே உண்டு. அகப்பொருள் மரபில், காதலால் மெலிந்த தலைவனைக் கண்ட பாங்கன் முதலில் கழறுகிறான், அஃதாவது, இடித்துரைக்கிறான். தலைவன் அதனை எதிர்மறுக்கிறான். பின்னர்ப் பாங்கன் கழறுதலைக் கைவிட்டு, நின்னால் காணப்பட்டவள் எங்குள்ளாள், எத்தன்மையள் என வினவுகிறான். தானே சென்று கண்டு, நண்பன் நிலையை உணர்ந்து துணைநிற்கிறான். இடித்துரைத்தலினின்று வினவுதலுக்கும், வினவுதலினின்று உடன்நிற்றலுக்கும் நகரும் இவ்வரிசை, இன்றைய ஒத்தார்வழி ஆலோசனைப் பயிற்சியின் வரிசையோடு பெரிதும் ஒத்துள்ளது. கலந்து பேசத்தக்க துணைவரைக் குறிக்க ‘உசாத்துணை’ என்னும் சொல்லும் தமிழில் உண்டு. திருக்குறளின் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு ஆகிய அதிகாரங்களை உறவுத் திறன் பாடமாகவே பயிற்றலாம்.

எனினும், மரபைப் போற்றுவது மட்டும் போதாது. மூன்று எச்சரிக்கைகளை இவ்வரலாறு தருகிறது.

முதலாவது, தமிழ் மாணவரிடையே ‘ஒத்தார்’ என்பார் முழுதும் ஒத்தவர் அல்லர். ஓராண்டு மூத்தவரும் ‘அண்ணன்’ அல்லது ‘அக்கா’ ஆகிறார். இவ்வுறவுச் சொல் பாதுகாப்பைத் தருவதோடு அதிகாரத்தையும் தருகிறது. தங்கையின் காதலைக் கண்டிக்கும் உரிமையை அண்ணன் எடுத்துக்கொள்வதுபோல, வழிகாட்டியும் எடுத்துக்கொள்ளக்கூடும். பயிற்சியில் இது வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும்.

இரண்டாவது, மறைகாத்தல். மெல்லிய சுவர் கொண்ட லயத்தில் ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டுச் செய்தி ஆகும். வளாகத்துத் தமிழ் மாணவர் குழுவும் அத்தகைய சிறு ஊரே. சொன்னது வெளியேறும் என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால், பின் எவரும் வாய்திறவார். ஆயின், உயிருக்கு ஊறு நேருமென அஞ்சும் நிலையில் மறைகாத்தலுக்கு விலக்கு உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்நிலையில் பதிவுபெற்ற ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்வதே வழிகாட்டியின் கடமை. அவர் நண்பரேயன்றி மருத்துவர் அல்லர்.

மூன்றாவது, சூழலின் பங்கு. கள்ளுக்கடையை மறந்து குடிகாரனை மட்டும் திருத்த முயல்வது பயன்தராது என்பதைத் தொண்டர் படை உணர்ந்திருந்தது. அதனாலேயே கடையின் முன் சென்று நின்றது. கல்விக் கடன், விடுதி நெருக்கடி, பகடிவதை ஆகியவற்றை விடுத்து மாணவனுக்கு மனவுறுதியை மட்டும் கற்பிக்கும் திட்டம், பாட்டனார் கண்டறிந்த உண்மையைப் பெயரன் மறந்ததாகவே முடியும்.

தமிழாசிரியர் பணி

இவ்விடத்தில் தமிழாசிரியருக்குத் தனிப்பொறுப்பு உண்டு. துயருற்ற மாணவர் பலர் ‘மனச்சோர்வு’ என்னும் கலைச்சொல்லால் தம் நிலையைக் கூறுவதில்லை. ‘மனசு சரியில்லை’, ‘நெஞ்சை அடைக்கிறது’ என்றே கூறுகின்றனர். மலாயிலோ ஆங்கிலத்திலோ பயிற்சி பெற்ற வழிகாட்டி, இத்தொடர்களின் கனத்தை உணராது போகலாம். இவற்றைத் தொகுத்து, பயிற்சி ஏடுகளைத் தமிழிலும் ஆக்குதல் மொழித்துறையினர் ஆற்றவேண்டிய பணியாகும். சுங்கைப் பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சி வளாகத்தில் பயிலும் வருங்காலத் தமிழாசிரியரிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். இன்று ஒத்தாரிடம் செவிகொடுக்கக் கற்றவர், நாளை வகுப்பறையில் பேசாதிருக்கும் குழந்தையின் மௌனத்தையும் கேட்கக் கற்றவர் ஆவார்.

முடிவுரை

1947இல் பீடோங்கில் திரண்ட இளைஞர், தம்மவர் அழிவதைத் தாமே தடுக்க வேண்டும் என்று எண்ணினர். அவ்வெண்ணம் சரியானது, அவர்கள் கைக்கொண்ட வழியில் ஒரு பகுதி பிழையானது. எண்ணத்தை ஏற்று, கண்டித்தலுக்கு மாறாகக் கேட்டலையும், தண்டித்தலுக்கு மாறாகத் துணைநிற்றலையும் கைக்கொள்வதே இன்றைய தலைமுறை அம்மரபுக்குச் செய்யும் நன்றியாகும். பல்கலைக்கழகங்கள் இதற்கான பயிற்சியையும் நெறிமுறைகளையும் அளிக்க முன்வருமாயின், கெடாவின் தோட்டப்புற வரலாறு அதற்கு உறுதியான அடித்தளமாக அமையும்.